ஓய்வூதியம்: உரிமையா, முதலீடா?

(2025 நவம்பர் முதல் ஞாயிறன்று, கொல்கத்தா பவானிபூரில் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் கட்சியின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் தோழர்.)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் இளம் தோழர் ஒருவர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். “அலுவலகத்தில் என்.பி.எஸ்.ஸில் சேரச் சொல்கிறார்கள் தோழர். வரி மிச்சமாகுமாம். உடன் பணிபுரிபவர் மாதந்தோறும் மியூச்சுவல் ஃபண்டில் போடு, அறுபது வயதில் கோடீசுவரன் ஆகிவிடலாம் என்கிறார். நான் சேரலாமா? கட்சி உறுப்பினர் பங்குச் சந்தையில் பணம் போடுவது தவறில்லையா?” ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போலத் தாழ்ந்த குரலில் கேட்டார். அவருக்குப் பின்னால் அதே படியில் நின்றிருந்தவர், தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருபதாண்டுக் காலம் உழைத்து ஓய்வு பெற்ற மூத்த தோழர். அவருக்கு வரும் மாத ஓய்வூதியம் இரண்டாயிரம் ரூபாயைத் தொடவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வியைக் கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கும் இந்தச் சிரிப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்லவே இன்று நிற்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன், படித்தது தமிழ். செய்வது மொழிபெயர்ப்பு. ஆகவே ஒரு சொல்லிலிருந்து தொடங்க அனுமதியுங்கள்.

வங்காளத் தோழர்களின் துண்டறிக்கைகளைத் தமிழாக்கும்போது ‘ஒபொஷொர் பாதா’ என்ற தொடர் அடிக்கடி வரும். முதற்சொல் நம் ‘அவசரம்’தான். ஒரே வடசொல் வங்கத்தில் ஓய்வாகவும் தமிழில் பதற்றமாகவும் ஆகியிருக்கிறது. நம் முதியோரின் நிலையைப் பார்த்தால் தமிழ்ப் பொருளே பொருந்துகிறது என்று தோன்றும். அது கிடக்கட்டும். இரண்டாவது சொல்லான ‘பாதா’ படியைக் குறிக்கும். ஒருவர் கொடுப்பது, மற்றவர் பெறுவது. தமிழில் நாம் அவ்வாறு சொல்வதில்லை. ஓய்வு ஊதியம் என்கிறோம். வள்ளுவர் காலத்தில் ஊதியம் என்றால் இலாபம். முதலும் ஊதியமும் அடுத்தடுத்து நிற்கும் குறளொன்று உண்டு, அங்கே அது வணிகனின் ஆதாயம். இன்றைய தமிழில் அது கூலி. ஓய்வில் இருக்கும்போதும் தொடர்ந்து வரவேண்டிய கூலி. நம் மொழியில் இச்சொல்லை ஆக்கியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வர்க்க உணர்வோடு ஆக்கினாரோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்குச் சரியான சொல்.

உரிமை என்று நீதிமன்றமே சொன்ன காலம்

1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடையன்று, கடந்த கால உழைப்புக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்நாளே இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதலாளித்துவ அரசின் நீதிமன்றம்தான் இவ்வாறு சொன்னது. எனினும் அது தானாகச் சொல்லிவிடவில்லை. ரயில்வே, அஞ்சல், துறைமுகத் தொழிலாளர்களும் மாநில அரசு ஊழியர்களும் நடத்திய பல்லாண்டுப் போராட்டங்களின் சூழல் அதற்குப் பின்னால் இருந்தது.

இதற்கு ஒரு நூறாண்டு முன்னரே இக்கேள்வி எழுந்திருக்கிறது. 1875-இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்த மார்க்ஸ், சமுதாயத்தின் மொத்த உற்பத்தியிலிருந்து தனிமனிதர்களுக்குப் பங்கிடுவதற்கு முன்பே கழிக்கப்பட வேண்டியவற்றுள், உழைக்க இயலாதோருக்கான நிதியையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். முதியவரைக் காப்பது அவரவர் உண்டியலின் பொறுப்பன்று, சமுதாய உற்பத்தியின் முதற்கடன் என்பதே அதன் பொருள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1889-இல், பிஸ்மார்க் ஜெர்மனியில் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சோசலிச இயக்கத்தைத் தடைச்சட்டத்தால் நசுக்கிய அதே பிஸ்மார்க்தான். வயது வரம்பு எழுபது! அன்றைய ஜெர்மன் தொழிலாளருள் எத்தனை பேர் எழுபதைக் கண்டிருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மே தினத்தில் தொடங்கிய திருட்டு

உரிமையை முதலீடாக மாற்றும் வேலை சிலியில் தொடங்கியது. பினோசேயின் இராணுவ ஆட்சியில், ஹொசே பின்யேரா என்ற அமைச்சர், பொது ஓய்வூதிய முறையைக் கலைத்துவிட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு என்று அறிவித்தார். சம்பளத்தில் பத்து விழுக்காடு பிடிக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்களின் கைக்குச் செல்லும். அவை சந்தையில் முதலீடு செய்யும். முதலாளி ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை. நடைமுறைக்கு வந்த நாள் 1981 மே 1. தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டிருந்த நாட்டில் மே தினத்தையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்திட்டத்திலிருந்து இராணுவத்தினர் மட்டும் விலக்கப்பட்டார்கள். தனிக்கணக்கு அவ்வளவு சிறந்ததெனில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஏன் அது வேண்டாமென்று விடப்பட்டது? நாற்பதாண்டுக்கு மேல் மக்கள் வீதியில் இறங்கிப் போராடிய பின்னர், இவ்வாண்டு ஜனவரியில்தான், முதலாளிகளின் பங்களிப்பைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரும் சட்டம் சிலி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1998-இல் எஸ்.ஏ. தவே தலைமையில் ‘ஒயாசிஸ்’ என்ற பெயரில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பாலைவனச் சோலை என்று பொருள். அமைப்புசாரா உழைப்பாளியின் முதுமைக்கு வழிகாணவே அக்குழு. ஆனால் அதன் தனிக்கணக்கு யோசனையை எடுத்து வாஜ்பாய் அரசு முதலில் பொருத்தியது அரசு ஊழியர் மீது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. புதிய ஓய்வூதியத் திட்டமே, அதாவது என்.பி.எஸ். விதிவிலக்கு யாருக்கு? முப்படையினருக்கு. சிலியின் பாடத்தை நம் ஆட்சியாளர்கள் எழுத்துப் பிசகாமல் படித்திருந்தார்கள்.

தமிழ்நாடு மத்திய அரசையும் முந்திக்கொண்டது. 2003 ஏப்ரல் 1 முதலே பங்களிப்பு ஓய்வூதியம் அங்கே வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், பறிக்கப்பட்ட சலுகைகளுக்காக வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாகச் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. அவ்வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று 2003 ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நகாரா தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் இருபத்தோராண்டு. அந்த இடைவெளியில் தாராளமயம் வந்திருந்தது. அதன்பின் ஆட்சிகள் மாறின. தமிழக அரசு தேசிய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்திடமும் சேரவில்லை, பழைய ஓய்வூதியத்தையும் தரவில்லை. பிடித்த பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்து அனுப்பியது. மாத ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கவில்லை. இவ்வாண்டு பிப்ரவரியில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் சிறை சென்ற ஆசிரியர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இந்த மேற்கு வங்கமோ என்.பி.எஸ்.ஸில் சேரவே இல்லை. இடதுமுன்னணி ஆட்சிக் காலத்தில் எடுத்த நிலைப்பாடு அது. பின்னர் வந்த ஆட்சியும் அதைத் தொடத் துணியவில்லை. இங்கே பக்கத்துத் தெருவில் வாழும் மாநில அரசுப் பள்ளி ஆசிரியைக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும். திரிபுராவில் 2018-இல் ஆட்சி மாறிய சில மாதங்களிலேயே அது பறிக்கப்பட்டது. கேரளத்தில் 2013-இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு பங்களிப்பு ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த இடது ஜனநாயக முன்னணி அரசு ஆண்டுக்கணக்கில் அதை விலக்காமலே வைத்திருந்தது. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று.

என்.பி.எஸ்.ஸுக்குச் சட்ட வடிவம் தரும் மசோதா 2005-இல் வந்தது. இடதுசாரிகளின் ஆதரவில் மன்மோகன் அரசு நின்றிருந்தவரை அதை நிறைவேற்ற முடியவில்லை. 2013 செப்டம்பரில் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் கைகோத்து நிறைவேற்றின.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

‘சீக்கிரம் தொடங்கு, நீண்ட காலம் விட்டுவை, கூட்டுவட்டி உன்னைக் காப்பாற்றும்’ என்பது முகவர்களின் மந்திரம். அதில் உண்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். எட்டு விழுக்காடு வட்டியில் மாதம் 1,000 ரூபாய் வீதம் இருபத்தைந்து வயதில் தொடங்குபவருக்கு அறுபதில் சுமார் 22.9 லட்சம் சேரும். நாற்பதில் தொடங்குபவருக்கு 5.9 லட்சம்தான். பதினைந்தாண்டுத் தாமதத்தில் தொகை கால்பங்காகிவிடுகிறது. இளம் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முகவர் இங்கேயே நிறுத்திவிடுவார். நாம் தொடர்வோம். விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், முப்பத்தைந்து ஆண்டு கழித்து வரும் அந்த 22.9 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 3 லட்சம். 2025 நவம்பரில் இருந்த என்.பி.எஸ். விதிப்படி அதில் நாற்பது விழுக்காட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆண்டுத்தொகை வாங்கியே தீரவேண்டும். ஆறு விழுக்காடு கிடைத்தால் மாதம் சுமார் 4,600 ரூபாய். இன்றைய மதிப்பில் 600 ரூபாய். அத்தொகைக்குப் பஞ்சப்படி கிடையாது. வாங்கியவர் எண்பது வயது வரை வாழ்ந்தாலும் அதே 4,600தான்.

மாதம் ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் போட்டால்? போடலாம், போட முடிந்தவர் போடுவார். அவருக்கு முதுமை ஓரளவு சிக்கலின்றிக் கழியும். எனவே இது சேமிக்கும் பழக்கத்தைப் பற்றிய கேள்வியே அன்று, ஊதியத்தைப் பற்றிய கேள்வி.

வரிச்சலுகையின் கதையும் இதுதான். பி.பி.எஃப். எனப்படும் பொது வைப்புநிதி 1968-இல் வந்தது. வைப்புநிதி இல்லாத சுயதொழில் செய்வோர்க்கும் சிறு வணிகர்க்கும் அது நல்ல திட்டமே. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை, பதினைந்தாண்டு, இப்போதைய வட்டி 7.1 விழுக்காடு, போடும்போதும் வட்டி சேரும்போதும் எடுக்கும்போதும் வரியில்லை. உச்சவரம்புவரை போடுகிறவருக்கு 40 லட்சத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். ஆனால் மாதம் 12,500 ரூபாய் ஒதுக்கக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்? முப்பது விழுக்காடு வரி செலுத்துபவருக்கு ஒன்றரை லட்சத்தில் அரசு விட்டுக்கொடுப்பது 45,000 ரூபாய். ஜாதுபாபு பஜாரில் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்மணி அதே கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டால் அவருக்கு விட்டுக்கொடுக்க அரசிடம் ஒன்றுமில்லை, ஏனெனில் அவர் வருமான வரி செலுத்தும் நிலையிலேயே இல்லை. பொருள் வாங்கும்போதெல்லாம் ஜி.எஸ்.டி. மட்டும் செலுத்துகிறார். நிறைய இருப்பவருக்கு நிறைய உதவி, இல்லாதவருக்கு உபதேசம். இதற்கு ‘சேமிப்பை ஊக்குவித்தல்’ என்று பெயர்.

இப்போது அந்தச் சலுகையும் உருகிக்கொண்டிருக்கிறது. 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பான முறை, அதில் பி.பி.எஃப்.புக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் கழிவு கிடையாது. முதலாளி வழியாகச் செல்லும் பங்களிப்புக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. அதிலும் என்.பி.எஸ்.ஸுக்கான வரம்பைத் தனியார் துறையினருக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் பத்திலிருந்து பதினான்கு விழுக்காடாக உயர்த்தினார்கள். இளம் தோழரின் அலுவலகம் திடீரென்று அவரை என்.பி.எஸ்.ஸுக்கு அழைப்பதன் காரணத்தை இங்கே தேடலாம்.

பெங்களூருப் பெண்கள் சொன்ன பாடம்

2016-ஆம் ஆண்டை நான் மறப்பதில்லை. அவ்வாண்டு பட்ஜெட்டில், வைப்புநிதியை எடுக்கும்போது அதில் அறுபது விழுக்காட்டுத் தொகைக்கு வரி என்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்தார். ஓய்வூதியமாக மாற்றிக்கொண்டால் வரி இல்லை என்றார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, மார்ச் 8 அன்று திரும்பப் பெற்றார். நடுத்தர வர்க்கத்தின் வெற்றி என்று நாளேடுகள் எழுதின.

அதைவிடப் பெரிய செய்தி அடுத்த மாதம் வந்தது. வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளி தன் கணக்கிலுள்ள முதலாளியின் பங்கை ஐம்பத்தெட்டு வயதுவரை எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் விதி மாற்றியிருந்தார்கள். ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாட்கள் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் பெண்கள் தையல் எந்திரங்களை விட்டெழுந்து சாலைக்கு வந்தார்கள். ஒசூர் சாலையும் துமக்கூரு சாலையும் நின்றன. எந்த மத்தியச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. தடியடி, கண்ணீர்ப்புகை. இரண்டாம் நாள் மாலைக்குள் மத்திய அரசு அந்த விதியையே விலக்கிக்கொண்டது.

நம் தோழர்களில் சிலர்கூட அன்று, “முதுமைக்கான சேமிப்பைப் பாதியில் எடுக்கத்தானே போராடுகிறார்கள், இது பிற்போக்கான கோரிக்கை அல்லவா?” என்று கேட்டார்கள். அவ்வாறு கேட்டவர்களுள் நானும் ஒருவன். என் எண்ணத்தை மாற்றியது அப்போராட்டத்தைப் பற்றிய ஒரு செய்திக் கட்டுரையை மொழிபெயர்த்தபோது உள்ளே புகுந்து பார்த்த கணக்கு. ஆடைத் தொழிற்சாலையில் ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு பெண்ணை வைத்திருப்பதே இல்லை. நாற்பதுக்குள் கண்ணும் முதுகும் போய்விடும். நிறுவனமும் வேறு இடத்துக்குப் போய்விடும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் வீட்டு வாடகை, மகளின் கல்லூரிக் கட்டணம், தாயின் மருத்துவம் ஆகியவற்றுக்கு அவளிடம் உள்ள ஒரே தொகை வைப்புநிதி. வேலையின்மைக் காப்பீடு இல்லாத நாட்டில் வைப்புநிதியே வேலையின்மைக் காப்பீடாகிவிட்டது. அதை மூடிவைத்து, ‘உன் முதுமைக்காகத்தான்’ என்று சொல்வது, குடிநீர்க் குழாயை அடைத்துவிட்டு, நாளைக்கு வேண்டுமே என்று சொல்வதைப் போன்றது.

சென்ற மாதம் அதே முயற்சி வேறு உருவில் திரும்பியிருக்கிறது. அக்டோபர் 13 அன்று வைப்புநிதி வாரியம் எடுத்த முடிவின்படி, கணக்கில் இருபத்தைந்து விழுக்காட்டை எப்போதும் இருப்பாக வைத்திருக்க வேண்டும். வேலையிழந்தவர் முழுத்தொகையையும் எடுக்க இரண்டு மாதம் என்றிருந்த காத்திருப்பு பன்னிரண்டு மாதமாகிறது. ஓய்வூதியப் பங்கை எடுக்க முப்பத்தாறு மாதம். எழுபத்தைந்து விழுக்காட்டை உடனே எடுக்கலாம், விதிகளை எளிமையாக்கியிருக்கிறோம் என்பது அரசின் விளக்கம். ஆலைவாயில் கூட்டங்களில் இதைப் பேசும் தோழர்கள் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பாதியை மட்டும் சொன்னால், தொழிலாளி கைப்பேசியில் மறுபாதியைப் படித்துவிட்டு நம்மையே சந்தேகிப்பார்.

நம் மூத்த தோழரின் இரண்டாயிரத்துக்கு வருகிறேன். அது 1995 நவம்பரில் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம், ஈ.பி.எஸ்.-95. முதலாளி செலுத்தும் பன்னிரண்டு விழுக்காட்டிலிருந்து 8.33 விழுக்காடு இதற்குப் போகிறது. சம்பள உச்சவரம்பு 2014 முதல் 15,000 ரூபாய்; அதற்குமுன் 6,500. வரம்புக்குட்பட்ட சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் ஓய்வூதியம். பதினைந்து ஆண்டு உழைத்தவருக்கு இன்றைய வரம்பில் 3,214 ரூபாய். முப்பத்தைந்தாண்டு உழைத்தாலும் 7,500. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்ததோடு சரி. பதினோராண்டில் ஒரு ரூபாய் ஏறவில்லை. இதற்கும் பஞ்சப்படி இல்லை. குறைந்தது 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் வேண்டுமென்று ஓய்வூதியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். மிக நியாயமான கோரிக்கை. நம் கட்சி இதில் இன்னும் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

அமைப்புசாராதோருக்கு என்ன? அடல் ஓய்வூதியத் திட்டத்தைப் பிரதமர் 2015 மே 9 அன்று தொடங்கிவைத்தது இதே கொல்கத்தாவில், நஸ்ருல் மஞ்ச அரங்கில். பதினெட்டு வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால் அறுபதில் மாதம் 5,000. நான் முன்பு சொன்ன ஆறு விழுக்காட்டுக் கணக்கில் அந்த 5,000-த்தின் இன்றைய மதிப்பு 430 ரூபாய். இதே வங்கத்தில் 2001-இல் இடதுமுன்னணி அரசு அமைப்புசாராத் தொழிலாளருக்கு வைப்புநிதி தொடங்கியது. தொழிலாளி மாதம் 20 ரூபாய் செலுத்தினால் அரசும் 20 ரூபாய் செலுத்தும். சிறிய தொகைதான். ஆனால் மறுபக்கத்திலிருந்தும் ஒரு கை நீண்டது என்பதுதான் வேறுபாடு.

ஆகவே சேரலாமா?

இளம் தோழரே, உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

சேமியுங்கள். புரட்சி வரும்வரை சேமிக்க வேண்டாம் என்று எந்த மார்க்சிய நூலிலும் இல்லை. முதுமையில் கையேந்தும் நிலைக்குத் தள்ளப்பட்ட தோழர் இயக்கத்துக்கும் பயன்படமாட்டார். முழுநேர ஊழியர்களான எங்களைப் போன்றோருக்கு வைப்புநிதி கிடையாது. எங்களில் பலர் மனைவியின் சம்பளத்திலும் தோழர்களின் அன்பிலும்தான் முதுமையை எண்ணிப் பார்க்கிறோம். அதைத் தியாகம் என்று மேடையில் புகழ்வதோடு கட்சி நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. அதை வேறொரு கூட்டத்தில் பேசுவோம்.

பங்குச் சந்தையில் போடுவது பாவமா என்றீர்கள். 2015 ஆகஸ்டு முதல் உங்கள் வைப்புநிதியின் ஒரு பகுதியே சந்தைக் குறியீட்டு நிதிகளில் போடப்படுகிறது. புதிதாக வரும் பணத்தில் இன்று பதினைந்து விழுக்காடு வரை. உங்களை யாரும் கேட்கவில்லை. தனிமனிதத் தூய்மையால் தீரும் பிரச்சினை அன்று இது. ஆனால் ஒன்றை மட்டும் கண்திறந்து பாருங்கள். ஒரு நிறுவனம் ஐயாயிரம் பேரை வேலைநீக்கம் செய்கிறது என்ற செய்தி வந்த நாளில் அதன் பங்குவிலை ஏறுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். உங்கள் முதுமை அந்தப் பங்குவிலையில் கட்டப்பட்டிருந்தால், வேலையிழந்தவரின் துயரமும் உங்கள் ஓய்வும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்படுகின்றன. தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்த இதைவிட நுட்பமான வழி வேறில்லை.

2008 ஜனவரியில் இருபதாயிரத்தைத் தாண்டிய சென்செக்ஸ் அக்டோபரில் ஒன்பதாயிரத்துக்கும் கீழே விழுந்தது. நீண்ட காலம் காத்திருந்தவர்கள் மீண்டார்கள், உண்மை. அந்த அக்டோபரில் அறுபது வயது நிறைந்தவர் எவ்வாறு காத்திருப்பார்? 2001-இல் அமெரிக்காவில் என்ரான் வீழ்ந்தபோது அதன் ஊழியர்கள் வேலையையும், தம் ஓய்வுக்கால 401(கே) கணக்குகளில் இருந்த என்ரான் பங்குகளின் மதிப்பையும் ஒருங்கே இழந்தார்கள்.

எனவே செய்முறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். வைப்புநிதியில் கட்டாயத்துக்கு மேலும் செலுத்த இயலுமானால் செலுத்துங்கள், 8.25 விழுக்காடு வட்டி இன்று வேறு பாதுகாப்பான இடத்தில் கிடைக்காது. வேலை மாறும்போது பழைய கணக்கை எடுத்துச் செலவழிக்காமல் புதியதற்கு மாற்றுங்கள். பத்தாண்டுப் பணி நிறையுமுன் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அவ்வளவு ஆண்டுக்குமான ஓய்வூதிய உரிமை போய்விடும். என்.பி.எஸ்.ஸின் நிர்வாகக் கட்டணம் மிகக் குறைவு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆண்டுத்தொகைக் கட்டாயத்தை அறிந்து சேருங்கள். மியூச்சுவல் ஃபண்டில் போட்டே தீருவேன் என்றால் முகவர் வழியே போகாதீர்கள். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கூடுதல் கட்டணம் முப்பதாண்டில் உங்கள் தொகையில் ஏறத்தாழ கால்பங்கைத் தின்றுவிடும். காப்பீட்டையும் முதலீட்டையும் கலந்து விற்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

இருபது விழுக்காடு வட்டி, ஐந்தாண்டில் இரட்டிப்பு என்று வருபவரைப் பற்றிக் கொல்கத்தாவில் நான் விளக்க வேண்டியதில்லை. 1980-இல் சஞ்சயிதா, 2013-இல் சாரதா. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, 1997-இல் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது. இந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஓய்வுத்தொகை முழுவதையும் அவ்வாறு ஒரு நிறுவனத்தில் இழந்தது. அவர்கள் விரும்பியது பேராசைக்குரிய எதையும் அன்று. வங்கி வட்டியில் வாழ முடியவில்லை, மாதம் வீட்டுச்செலவுக்கு வரவேண்டும், அவ்வளவே. நிச்சயமான ஓய்வூதியம் இருந்திருந்தால் அவர்கள் அந்த வாசலை மிதித்திருக்கமாட்டார்கள்.

கடைசியாக நம் வேலை. 2022 முதல் ராஜஸ்தான், சத்தீஸ்கர், இமாச்சலம் ஆகிய மாநிலங்களைப் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்ப வைத்ததும், 2023 அக்டோபர் 1 அன்று ராம்லீலா திடலை நிரப்பியதும், மத்திய அரசை இவ்வாண்டு ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு இறங்கி வரச் செய்ததும் ஊழியர் போராட்டமே. இருபத்தைந்தாண்டுப் பணிக்குப் பாதிச் சம்பளம் உறுதி என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஊழியரின் பத்து விழுக்காட்டைப் பிடிப்பதை மட்டும் விடவில்லை. சந்தையே எல்லாம் தரும் என்று இருபதாண்டு சொன்னவர்கள், உறுதி என்ற சொல்லை மீண்டும் உச்சரிக்க நேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த உறுதி அரசு ஊழியரோடு நின்றுவிட்டது. ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைத் தொழிலாளிக்குப் பிடித்த வைப்புநிதியையே ஒழுங்காகக் கட்டாத முதலாளிகள் இருக்கிறார்கள். தொழிலாளியின் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். புகார் கொடுக்கத் தொழிலாளியிடம் கணக்கு விவரம் வேண்டும், பெரும்பாலோரிடம் அது இல்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே அறையில் கூடுவோம். ஒவ்வொருவரும் உங்கள் யு.ஏ.என். எண்ணோடும், கடைசியாக எந்த மாதம் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்ற பாஸ்புக் அச்சோடும் வாருங்கள். வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்து வாருங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர், உங்கள் கட்டடத்தின் காவலர், தெருமுனை உணவகத்தில் நம் ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன் ஆகியோரிடமும் கேளுங்கள். கணினித் தோழர் தம் மடிக்கணினியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மூத்த தோழரின் ஓய்வூதிய ஆணையை முதலில் எடுத்துச் சரிபார்ப்போம். அவருடைய பணியாண்டுகளில் இரண்டு விடுபட்டிருப்பதாக எனக்கொரு சந்தேகம்.